கை நனைக்காத ஊர்

அந்தச் செம்ப மேல பலகையில வைக்க வேண்டாம் அண்ணாச்சி. எம் மடியிலயே இருக்கட்டும். பயப்படாதீங்க, உள்ள ஒண்ணும் கெடையாது. மஞ்சத்துணி கட்டியிருக்கேன்னு பாக்கீங்க. போகும்போது கட்டுன துணிதான், வெறுமன திரும்பி வருது. நீங்க திருநவேலிக்கா? நான் கோயில்பட்டி. சாத்தூர் தாண்டுனா எறங்கிருவேன்.

பிராக்குன்னு ஒரு ஊரு. செக் நாட்டுல இருக்கு. அங்க இருந்து துபாய், துபாய்ல இருந்து மதுரை, இப்ப இந்தப் பஸ்ஸு. ஊர் சுத்திப் பாக்கவான்னு கேட்டீங்க. ஆமா, சுத்திப் பாத்தேன். ஒரு நாள் பூரா பாத்தேன். ஆட்டோ கெடையாது, காரு கெடையாது. நடந்தே பாத்தேன். ஒருத்தன் நடத்தியே கொன்னுட்டான்.

எம்மக அங்கதான் இருந்தா. செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவ, அங்கயே ஒருத்தனக் கட்டிக்கிட்டா. வைகாசியில செத்துப் போயிட்டா. தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிருச்சுன்னாங்க. பல் தேச்சுக்கிட்டு நின்னவளாம், அப்படியே விழுந்துட்டா. எனக்கு விசா அது இதுன்னு இழுத்துச்சு. அவங்களே எரிச்சுட்டாங்க. சாம்பல வீட்டுல வச்சிருக்கேன்னு அந்த ஆளு சொன்னான். அந்த ஆளுன்னா அவ புருசன். ராடெக்குன்னு பேரு. அந்தச் சாம்பல வாங்கத்தான் இந்தச் செம்பத் தூக்கிட்டுப் போனேன். பாவநாசத்துல கரைக்கணும்லா. எம்மக எதுக்கு எவன் வீட்டு ஜன்னல்லயோ இருக்கணும்?

அடடாங்கீங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணும் தோணல அண்ணாச்சி. உள்ளதச் சொல்லுதேன். போன் வந்தப்ப அடுப்புல பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு. போயி அடுப்ப அமத்துனேன். அப்புறம் ஆறுன பால என்ன செய்யன்னு கோமதிகிட்டக் கேட்டேனாம். கோமதி எங்க வீட்டம்மா. அவ அதச் சொல்லிச் சொல்லி அழுதா. எனக்கு அழுகை வரல. வரலன்னா என்ன செய்ய, விக்ஸ் தடவிட்டா அழ முடியும்?

அந்த ஆளு வீட்டுல நான் தங்கல. லாட்ஜுலதான் தங்குனேன். ஏன்னா நான் ஒரு சொல்லு சொல்லியிருந்தேன். அவ ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டேன்னு போன்ல சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன், அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்னு. மகளோட பேச்சு வார்த்தை உண்டு. ஊருக்கு வருவா, இருப்பா, போவா. அந்த ஆளப் பத்தி மட்டும் பேச்சு கெடையாது. தீப்பெட்டி ஆபீஸ்ல மேனேஜரா இருந்தவன் நான். நாலு பேரு நம்ம சொல்லுக்கு நிப்பாங்க. நம்மளே மாத்திப் பேசுனா எப்படி?

கை நனைக்கிறதுன்னா சும்மா இல்லல்லா. உங்களுக்குச் சொல்லணுமா? எங்க சித்தப்பா ஒருத்தர் பொண்ணு பாக்கப் போனாரு. சித்திரை வெயிலு. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு, கடைசில தாங்காம ஒரு தம்ளர் மோரு குடிச்சுட்டாரு. வீட்டுக்கு வந்து பொண்ணு புடிக்கலங்காரு. எங்க தாத்தா கேட்டாரு, மோரு குடிச்சியாலன்னு. குடிச்சேன். அப்பப் பேச்ச விடுன்னுட்டாரு. அந்தச் சித்தியோடதான் கடைசி வரைக்கும் இருந்தாரு. நல்லாத்தான் இருந்தாங்க, அது வேற விசயம். ஒருக்கா கை நனைச்சுட்டா சம்மதம்னு அர்த்தம். அப்புறம் பொண்ணு மேல நமக்குப் பேச்சு கெடையாது.

அதனால கட்டுச்சோறோடதான் போனேன். சேவு, அவல், கடலை மிட்டாய். கோயில்பட்டிக்காரன் கடலை மிட்டாய் இல்லாம எங்க போவான். சுகர்காரனுக்கு மிட்டாயான்னு கேக்காதீங்க. சுகர் எறங்கிருச்சுன்னா வாயில போடத்தான். சட்டைப் பையிலயே ஒரு பொட்டலம் கெடக்கும்.

காலைல லாட்ஜுக்கு வந்தான். நல்ல ஒசரம், தாடி. என்னயப் பாத்ததும் கையக் கூப்பி, "சாப்பிட்டீங்களா மாமா?"ன்னான். தமிழ்ல. ஆச்சுன்னேன். தமிழ் தெரியுமான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். இது ஒண்ணுதான் தெரியுமாம். செண்பா இது ஒண்ணத்தான் சொல்லிக் குடுத்தாளாம். உங்கப்பாகிட்டப் பேச இது போதுமான்னு இவன் கேட்டதுக்கு, இது போதும்னாளாம். நான் அந்த ஆளுகிட்டப் போன்ல பேசுனதே இல்ல. அப்புறம் எதுக்கு இதச் சொல்லிக் குடுத்தா?

சாம்பலக் குடுங்கன்னு நேராக் கேட்டேன்.  அவன் சொல்லுதான், "குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா நீங்க அவ அப்பா, உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஒரு நாள் எங்கூட நடங்க. அவ நடந்த வழியில நடப்போம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்துக்கோங்க." மறுநா காலைலதான் எனக்கு பிளேன். லாட்ஜுல உக்காந்து செவத்தப் பாக்கதுக்கு, நடந்தா என்னன்னு சரின்னுட்டேன். செம்பையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டேன்.

பழைய ஊரு அண்ணாச்சி. எத்தனையோ நூறு வருசத்து ஊரு. ரோடு பூராவும் கல்லு. தாரு கெடையாது. சின்னச் சின்னக் கல்லு, மைசூர்பாகத் துண்டு போட்டு அடுக்குன மாதிரி. ஊர் சுத்திப் பாக்க வந்த வெள்ளைக்காரக் கெழடுகள்லாம் காலு வலிக்கு காலு வலிக்குன்னு ஓரத்துல உக்காந்துருக்கு. எனக்கு வலிக்கவே இல்ல. சுகர்காரன் காலு, முள்ளுக் குத்துனாலும் தெரியாது. புது கேன்வாஸ் வேற. நீங்க நல்லா நடக்கீங்கன்னு அந்த ஆளே சொன்னான்.

மொதல்ல ஒரு கடிகாரம். கோபுரத்துல பெருசா வச்சிருக்கான். மணிக்கொருக்க சன்னல் தொறந்து சாமியாருக பொம்மையெல்லாம் வருசையா வந்து எட்டிப் பாக்கும். பக்கத்துல ஒரு எலும்புக்கூடு நின்னு மணி அடிக்கும். கடைசில ஒரு சேவல் கத்தும். அவ்வளவுதான். இதுக்குத் திருவிழாக் கூட்டம். எல்லாரும் போனத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கான். இந்த ஆளு மட்டும் கடிகாரத்துக்கு முதுகக் காட்டிட்டு கூட்டத்தப் பாத்து நிக்கான். ஏன்யான்னேன். செண்பா எப்பவும் இப்படித்தான் நிப்பாளாம். மணி அடிக்கும்போது எல்லாரும் அண்ணாந்து வாயத் தொறந்துட்டு நிப்பாங்களாம். அந்த மொகத்தப் பாக்கணும், கடிகாரம் எங்கயும் போகாதும்பாளாம்.

சின்னப் பிள்ளையில அவளத் தோள்ல வச்சுத் தேர் காட்டுவேன். தேரப் பாக்க மாட்டா. எந்தலையப் புடிச்சுட்டு அந்தப் பக்கமாத் திரும்பி, தேர் பாக்க வந்த ஆளுகளப் பாப்பா. சாமிய ஒருக்காக் கும்பிடுட்டீன்னு வைவேன். அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் சம்பந்தம் இல்ல. சும்மா சொன்னேன்.

"சாப்பிட்டீங்களா மாமா?" அங்க வச்சு ஒருக்காக் கேட்டான். ஆச்சுன்னேன்.

பெறகு ஒரு பாலம். கல்லுப் பாலம். ரெண்டு பக்கமும் சிலை, நம்ம கோயில் பிரகாரம் மாதிரி. ஆத்துல தண்ணி நெறைய ஓடுது. அதப் பாத்தாத்தான் கொஞ்சம் வயித்தெரிச்சலா இருந்துச்சு. நடுப்பாலத்துல ஒரு சிலைக்குக் கீழ தகடு ஒண்ணு. ஊர்ப்பட்ட சனம் தொட்டுத் தொட்டு மின்னுது. அதத் தொட்டா இந்த ஊருக்குத் திரும்ப வருவோம்னு ஒரு நம்பிக்கையாம். இந்தியாவுக்குக் கெளம்புததுக்கு முந்தின நாளு எப்பவும் அவ வந்து இதத் தொட்டுட்டுத்தான் வருவாளாம். அவன் சொல்லுதான். ஊருக்கு வார சந்தோசத்துல எதையாவது தொட்டுட்டு வந்திருப்பா. அத இவன் பெருசா எடுத்துக்கிட்டான். நீங்களும் தொடுங்கன்னான். கையில பை இருக்குன்னுட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆத்தங்கரையில ஒரு பெஞ்சு. அன்னப்பறவை மேயுது அங்க, நம்மூர்ல வாத்து மேயுத மாதிரி. வேலை விட்டு வரும்போது அவ உக்காருத எடமாம். ஒரு ஓரமா அவன் உக்காந்தான். இன்னொரு ஓரமா நான் உக்காந்தேன். நடுவுல எடம் கெடந்துச்சு. அவன் சொல்லுதான், ஊர்ல இருந்து கடலை மிட்டாய்ப் பார்சல் வந்தா அத இங்க வச்சுத்தான் பிரிப்பாளாம். வீட்டுக்குக் கொண்டு வந்தா உனக்குப் பங்கு குடுக்கணும்லான்னு சிரிப்பாளாம். மொதத்தடவ கடிச்சப்ப இவனுக்குப் பல்லு ஆடிப் போச்சாம்.

நான் எந்தப் பார்சலும் அனுப்பல அண்ணாச்சி. யாரு அனுப்புனதுன்னு தெரியல. சரி, அங்கயும் ஏதாவது இந்தியாக் கடை இருக்கும்னு விட்டுட்டேன்.

அந்தப் பெஞ்சுலதான் ஒரு தப்பு நடந்து போச்சு. எம் பையில இருந்த மிட்டாய்ப் பொட்டலத்த எடுத்து நடுவுல வச்சேன். கால நீட்டி உக்காரும்போது பையில குத்துச்சு, அதான் எடுத்து வச்சேன். எந்திரிச்சு வரும்போது எடுக்க மறந்துட்டேன். அந்த ஆளு பாத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, பொட்டலத்த விட்டுட்டு வாரீங்களேன்னு. சொல்லல.

மத்தியானம் சைவக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். விரதம்னுட்டேன். கடை வாசல்ல நின்னு என்னயப் பாத்தான். அப்புறம் அவனும் உள்ள போகல. நான் சாப்பிடலன்னா அவனுக்கென்ன? நான் என்ன சாப்பிடாதடான்னா சொன்னேன்? ரெண்டு பேரும் பட்டினியா மலை மேல கோட்டைக்குப் படி ஏறுனோம். மேல நின்னா ஊரு பூரா செவப்பு ஓடு. அங்க பாருங்க, அந்தக் கூரைக்குப் பின்னால எங்க வீடுன்னு கையக் காட்டுதான். எல்லாக் கூரையும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. தெரியுதுன்னு சொன்னேன். அங்கயும் கேட்டான், சாப்பிட்டீங்களா மாமான்னு. சாப்பிடலன்னு தெரிஞ்சே கேக்கான். வேற என்ன கேக்கன்னு அவனுக்குத் தெரியல. ஆச்சுன்னேன்.

பொழுது சாய வீட்டுக்குப் போனோம். லிப்டு கெடையாது. மாடி ஏறி வாசல்ல போனதும் அவன் ஷூவக் கழட்டுதான். வெள்ளைக்காரன் வாசல்ல செருப்பக் கழட்டி நான் பாத்ததில்ல. நம்ம பிள்ள பழக்கிருக்கான்னு நெனச்சேன். இல்லியாம், அந்த ஊர்லயே அதுதான் வழக்கமாம். செருப்பு அடுக்குத பலகையில அவளோட ரப்பர் செருப்பு இருந்துச்சு. நம்ம ஊரு செருப்பு, நீல வாரு. குதிங்கால் பக்கம் தேஞ்சிருந்துச்சு. அவ நடையே அப்படித்தான்.

நானும் ஷூவக் கழட்டுனேன். சாக்ஸு செவசெவன்னு இருக்கு. கொப்பளம் வந்து ஒடைஞ்சு, எப்பத்துல இருந்து ரத்தம் ஓடுச்சோ தெரியல. யாரு காலையோ பாக்க மாதிரி பாத்துக்கிட்டு நிக்கேன். அந்த ஆளு பதறிப் போயி என்னய ஸ்டூல்ல உக்கார வச்சு, பேசின்ல வெந்நி கொண்டாந்து, தரையில முட்டி போட்டு எங்காலக் கழுவுதான். வேண்டாங்கேன், கேக்கல. நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளை காலத்தான் மாமனாரு கழுவணும். இங்க எல்லாம் தலைகீழா நடக்கு. தண்ணி சூடா இருந்திருக்கும் போல, ஆவி வந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல.

கழுவிக்கிட்டு இருக்கும்போதே எனக்குக் கண்ணு இருட்டுது. கை நடுங்குது. சட்டையெல்லாம் வேர்வை. சுகர் எறங்கிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு. பையத் தடவுதேன், பொட்டலம் இல்ல. ஆத்தங்கரையில கெடக்கு.

அவன் நிமிந்து பாத்தான். "சாப்பிட்டீங்களா மாமா?"

இல்லன்னேன்.

காலைல இருந்து கேட்டதுக்கு அப்பத்தான் உள்ளதச் சொன்னேன். அந்த 'இல்ல' அவனுக்குப் புரிஞ்சுச்சு. ஓடிப் போயி சீனித் தண்ணி கலக்கிக் கொண்டாந்தான். குடிச்சேன். அடுக்களைக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, தட்டுல புளிச்சோறு வச்சான். காலைலயே செஞ்சு மூடி வச்சிருக்கான். மருந்துக்குச் சாப்பிடுதது கணக்குல வராது அண்ணாச்சி. நோன்பு புடிக்கிறவங்க கூட மருந்துக்குச் சாப்பிடலாம். உசுரு போயிருச்சுன்னா அப்புறம் எந்தச் சொல்லக் காப்பாத்த? அதான் சாப்பிட்டேன்.

எள்ளு வறுத்துப் பொடிச்சு, எறக்கும்போது தூவியிருந்தான். அது எங்க வீட்டுப் பக்குவம். கோமதி அப்படித்தான் செய்வா. உப்புதான் கொஞ்சம் கம்மி. அவனும் எதுத்தாப்புல உக்காந்து கையாலயே சாப்பிட்டான். உள்ளங்கையெல்லாம் சோறு. பிசையத் தெரியல, பாவம்.

இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கரண்டியத் தூக்குனான். தட்ட நீட்டிட்டேன்.

அதான் அண்ணாச்சி எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கல. மொதத் தடவ மருந்துக்கு. ரெண்டாந்தடவைக்கு என்ன பேரு சொல்ல? கை நடுக்கம் நின்னு போச்சு, கண்ணு தெளிஞ்சு போச்சு. பேசாமத் தட்ட எடுத்து வச்சிருக்கலாம். நீட்டிட்டேன்.

சாப்பிட்டு முடிச்சதும் ஜன்னல்கிட்டப் போயி ஜாடியக் கொண்டாந்தான். பீங்கான் ஜாடி, ஊறுகா ஜாடி அளவுதான் இருக்கும். இந்தச் செம்புக்குப் பக்கத்துல வச்சுட்டு, ரெண்டு எட்டுப் பின்னால போயி, கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கான். கட்டலன்னா புடுங்கிருவோம்னு அவனுக்கே பயம் போல. எடுத்துக்கோங்கங்கான்.

நான் யோசிச்சுப் பாத்தேன். ஏர்போர்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பான். இது என்ன, அது என்னன்னு தொறந்து பாப்பான். செம்புக்கு மூடி வேற சரியில்ல, துணி மட்டும் கட்டுனாப் போதுமா? வழியில கொட்டிருச்சுன்னா? அதான், இங்கனயே இருக்கட்டும்னுட்டேன். மூடி தேடித் தாரேன்னான் அந்த ஆளு. தேட வேண்டாம், இருக்கட்டும்னேன். அப்படியே தரையில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டான். வெள்ளைத் தோலுல்லா, அழுதா மொகமெல்லாம் செவந்து போகுது. நான் என்ன செய்ய? தோள்ல ரெண்டு தட்டுத் தட்டுனேன். தண்ணி குடிங்கன்னேன். எனக்கு அப்பவும் அழுகை வரல. மிச்சச் சோத்த டப்பாவுல கட்டிக் குடுத்தான். செம்பு சும்மாத்தான வருதுன்னு அதுக்குள்ளதான் வச்சுக் கொண்டாந்தேன். துபாய் ஏர்போர்ட்ல சாப்பிட்டு டப்பாவக் கழுவிட்டேன். இப்பச் செம்புல ஒண்ணும் இல்ல.

பாவநாசத்துக்கு நாளைக்கு வேனு பேசி, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தோம். கோமதிக்கு என்ன பதில் சொல்லன்னு பிளேன்ல பூராவும் யோசிச்சுட்டே வந்தேன். மதுரையில எறங்குனதும் போன் போட்டேன். செம்பு காலியா வருதுன்னேன்.  அவ கேக்கா, "எள்ளுப் பொடி மறக்காமப் போட்டிருந்தானா?"ன்னு.

வேன வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டாளாம். எத்தன வருசமா எனக்குத் தெரியாம அந்த வீட்டோட பேசிட்டு இருந்தாளோ. பார்சலு அனுப்புனதும் அவளாத்தான் இருக்கும். நான் கேக்கல. கேட்டு இனி என்ன ஆகப் போகுது. போட்டிருந்தான், உப்புதான் கம்மின்னேன். சொல்லிருதேன்னா.

சாத்தூர் வந்துருச்சா? இல்ல, இது வேற ஊரு. இருங்க, போன் அடிக்கு. இந்த நேரத்துல யாரு.

ஹலோ. ஆங். வந்து சேந்துட்டேன். இல்ல, இன்னும் வீட்டுக்குப் போகல. பஸ்ஸு. பஸ்ஸுல இருக்கேன். காலு பரவாயில்ல. கட்டு அப்படியே இருக்கு.

கேட்டீங்களா அண்ணாச்சி, அதையேதான் கேக்கான்.

சாப்பிட்டேன். ஆமா, சாப்பிட்டேன்.

நீங்க சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?

ஹலோ. ஹலோ.

லைன் இருக்கு அண்ணாச்சி, மூச்சுச் சத்தம் கேக்கு. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு அவ சொல்லிக் குடுக்கல போல. பேசாம இருக்காரு.

இந்தச் செம்பக் கொஞ்சம் புடிங்க அண்ணாச்சி.